ஸ்லோ பாய்சன் என்று ஒன்று உண்மையில் உண்டா?

கேள்வி இது: "ரஹ்மான் பாட்டெல்லாம் ஸ்லோ பாய்சன், கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும் என்கிறார்கள். 'கடல்' ஆல்பத்தை நாலு முறை கேட்டுவிட்டேன். 'நெஞ்சுக்குள்ளே' தவிர எதுவும் ஒட்டவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் எந்தப் பாட்டும்தான் பிடித்துவிடுமே? இது ரசிகர்கள் கட்டிவிட்ட கதைதானே?"

பாதி கதைதான். மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சந்தேகத்தில் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எதையும் அடிக்கடி எதிர்கொண்டால் அதன்மேல் ஒரு சாய்வு வரும் என்பதை 1968-லேயே ராபர்ட் ஸாயோன்ஸ் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். அர்த்தமில்லாத சொற்கள், சீன எழுத்து மாதிரியான கோடுகள், முன்பின் தெரியாதவர்களின் முகங்கள். சிலவற்றை ஓரிரு முறை காட்டினார், சிலவற்றை நிறைய முறை காட்டினார். நிறைய முறை பார்த்தவற்றையே மக்கள் நல்லதாக மதிப்பிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். நமக்கு இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஆடி மாதம் போதும். எங்கள் தெரு முனை மாரியம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் விடிகாலை தொடங்கி இரவு வரைக்கும் ஓடும். அவற்றை நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. ஆனால் ஒரு வரி விடாமல் தெரியும், வெளியூரில் எங்காவது காதில் விழுந்தால் நெஞ்சு இளகிவிடும். பழக்கம் அந்த வேலையைச் செய்யும். ஆகவே "இருபது தடவை கேட்டேன், பிடித்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அது ஆல்பத்தின் பெருமைக்குச் சாட்சி ஆகாது.

அப்படியானால் நிஜமாகவே மெல்ல ஏறுகிற ஆல்பத்தை எப்படி அடையாளம் காண்பது? என் கணக்கில் ஒரே ஒரு வித்தியாசம்தான். பழகிப்போன பாட்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே சுகத்தைத் தரும். மெல்ல ஏறுகிற பாட்டில் நாம் காத்திருக்கிற இடம் மாறிக்கொண்டே போகும். போன மாதம் கவனிக்காத ஒன்றுக்காக இந்த மாதம் அதைப் போடுவோம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது 'இருவர்'.

தொண்ணூறுகளின் கடைசியில் திருச்சிப் பக்கம் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா. 'இருவர்' 1997 பொங்கலுக்கு வந்த படம். கேசட்டை ஆசையாக வாங்கினேன். அதற்கு முந்தைய வருடம்தான் 'காதல் தேசம்' வந்து 'முஸ்தபா' மேடைக்கு மேடை ஓடியது. நான் எதிர்பார்த்தது அந்த மாதிரி ஒன்றை. கேசட்டைப் போட்டால் ஒரு பாட்டு கர்நாடக இசை, ஒரு பாட்டு கிளப் டான்ஸ், ஒரு பாட்டு பழைய எம்.ஜி.ஆர். படத்திலிருந்து எடுத்தது மாதிரி. நடுவில் அரவிந்த்சாமி கவிதை படிக்கிறார். யாரோ நான்கு படத்துக்கான பாட்டுகளைக் கலந்து ஒரே கேசட்டில் பதிவு செய்துவிட்டார்கள் என்று தோன்றியது. காசு போச்சே என்ற கடுப்பு வேறு.

காசு கொடுத்தாகிவிட்டதால் திரும்பக் கேட்டேன். கேசட் காலத்தின் மறைமுகமான உதவி இது. பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போக ஃபார்வர்டு அமுக்கினால் வாக்மேன் பேட்டரி தீரும், சரியான இடத்தில் நிற்கவும் நிற்காது. பேசாமல் அதையும் கேட்டுவிடுவோம். 'ஏ' பக்கத்தின் நாலாவது பாட்டு முடியும்போதே அஞ்சாவது பாட்டின் முதல் சத்தம் காதுக்குள் தானாக வரும். இப்போது நிலைமை தலைகீழ். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அந்த 30 வினாடிக்குள் ஆளைப் பிடித்து நிறுத்தவேண்டிய கட்டாயம் பாட்டுக்கு வந்துவிட்டது. மெல்லத் திறக்கிற பாட்டுக்கு அங்கே இடம் குறைவு.

சரி, இருவருக்கு வருகிறேன். ட்ரூப்பில் 'வெண்ணிலா வெண்ணிலா' வேண்டும் என்று ஒரு ரிசப்ஷனில் கேட்டார்கள். ஆஷா போஸ்லே பாடியது. எங்கள் பாடகி மெட்டைக் கச்சிதமாகப் பிடித்துவிட்டார். நான் வழக்கம்போல மூன்று சுரம் வைத்த கார்டுகளை (சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவது) அடியில் போட்டேன். பாட்டு செத்துப்போனது. மெட்டு சரி, தாளம் சரி, ஆனால் அது அந்தப் பாட்டு இல்லை. வீட்டுக்கு வந்து கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அங்கே இருப்பவை ஜாஸ் கார்டுகள். மூன்றாவது சுரத்துக்கு மேலே நாலாவதாக ஒன்று, சில இடத்தில் அஞ்சாவதாக ஒன்று உட்கார்ந்திருக்கும். தனியாகக் கேட்டால் கொஞ்சம் உரசும். அடுத்த கார்டுக்குப் போகும்போது அந்த உரசல் இளகும். என் காது அதுவரை கேட்டு வளர்ந்த பாட்டுகளில் உரசல் வந்தால் உடனே தீர்ந்துவிடும். இதில் தீராமல் இன்னோர் உரசலுக்குப் போகிறது. அதனால்தான் முதல் தடவை அந்தப் பாட்டு "எங்கேயும் போய்ச் சேராத மாதிரி" இருந்திருக்கிறது.

'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' இன்னும் மோசம். அதன் நடையே வேறு. ஸ்விங் என்பார்கள். ஒரு அடியைச் சரிபாதியாகப் பிரிக்காமல் முதல் பாதியை நீட்டி அடுத்ததைக் குறுக்குவது. ஒரு மாதிரி நொண்டிக்கொண்டே ஓடுகிற நடை. எங்கள் ஆக்டோபேட் (மின்னணு டிரம்) தம்பி அதைச் சமமாக அடித்தார், பாட்டு ஸ்கூல் டிரில் மாதிரி ஆகிவிட்டது. கடைசிவரை மேடையில் அதை நாங்கள் வாசிக்கவே இல்லை.

ஆல்பம் ஏன் நான்கு படத்துப் பாட்டு மாதிரி இருந்தது என்பது படம் பார்த்த பிறகு புரிந்தது. ஒரு சினிமா நடிகரின் வாழ்க்கையோடு சில பத்தாண்டுகள் நகர்கிற கதை. பாட்டுகளில் சில, அந்த நடிகர் நடித்த படங்களின் பாட்டுகளாக வருபவை. மனோ பாடிய 'ஆயிரத்தில் நான் ஒருவன்' ஏன் பழைய வாசனையோடு இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. அந்தக் காலத் தமிழ் சினிமாவின் கிளப் பாட்டுகளில் மேற்கத்திய டான்ஸ் இசை சாதாரணமாகப் புழங்கியது, ஜாஸ் வந்த வழியும் அதுதான். ஆல்பத்தைத் தனியாகக் கேட்டவனுக்கு இந்தச் சாவி கையில் இல்லை.

அப்புறம் 'நறுமுகையே'. உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும். முதலில் எனக்கு இது "சங்கீதப் பாட்டு", அவ்வளவுதான். பிறகு ஒரு திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் மல்லாரி வாசித்தபோது, எங்கோ கேட்ட சாயல் என்று தோன்றியது. மல்லாரி வாசிப்பது கம்பீர நாட்டையில், 'நறுமுகையே' நிற்பதும் அதே ராகத்தில். ஐந்தே சுரங்கள். சுவாமி தேரடிக்கு வரும்போது கேட்கிற கம்பீரத்தை ரஹ்மான் ஒரு காதல் பாட்டுக்குள் வைத்திருக்கிறார் என்பது தெரிந்ததும் அந்தப் பாட்டின் உயரமே எனக்கு மாறிவிட்டது.

அதோடும் முடியவில்லை. அதில் 'அற்றைத் திங்கள் அந்நிலவில்' என்று ஒரு வரி வரும். புறநானூற்றின் 112-ஆம் பாட்டைப் படித்த நாளில் தூக்கிவாரிப்போட்டது. அங்கே அது பாரி மகளிரின் புலம்பல். போன மாதம் இதே நிலவில் எங்கள் அப்பா இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் மலையும் இல்லை, அப்பாவும் இல்லை என்கிறார்கள். அப்பனைப் பறிகொடுத்த பெண்களின் நிலவை வைரமுத்து ஒரு காதலனின் கேள்விக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார். குறுந்தொகையின் 'யாயும் ஞாயும்' வேறு அதே பாட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. இது சரியா தவறா என்று தமிழாசிரியர்கள் சண்டை போடலாம். எனக்கு அந்தப் பாட்டின் சந்தோஷத்துக்கு அடியில் அன்றிலிருந்து ஒரு துக்கமும் கேட்கிறது. கேசட் வாங்கி அதற்குள் ஆறேழு வருடம் ஆகியிருந்தது.

முதலில் மெட்டு, பிறகு கார்டு, பிறகு ராகம், பிறகு சொல். நான் காத்திருக்கிற இடம் மாறிக்கொண்டே போயிற்று என்றது இதைத்தான். பழக்கத்தால் மட்டும் இது நடக்காது. எடுப்பதற்கு உள்ளே ஏதாவது இருக்கவேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும், ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. 'ஸ்லோ பாய்சன்' என்று பெயர் வாங்கிய ரஹ்மான் ஆல்பங்களில் பல, படம் ஓடாதவை. 'இருவர்' தேசிய விருதுகள் வாங்கியது, தியேட்டரில் ஓடவில்லை. 'கடல்' 2013-இல் வந்த வேகத்தில் போய்விட்டது. படம் ஓடினால் டிவி, எஃப்.எம்., பஸ், டீக்கடை எல்லாம் சேர்ந்து அந்த இருபது தடவையை நமக்குத் தெரியாமலேயே ஓட்டி முடித்துவிடும். ஒரு வாரத்தில் "முதல் தடவையே பிடித்துவிட்டது" என்று சத்தியம் செய்வோம். படம் விழுந்தால் அந்த இருபது தடவையையும் நாமே உட்கார்ந்து கேட்கவேண்டும், அதற்கு வருடங்கள் ஆகும். ஆக, பாதி ஸ்லோ பாய்சனுக்குக் காரணம் பாட்டின் குணம் கிடையாது, பாட்டு நம்மிடம் வந்த வழி.

இப்போது உங்கள் 'கடல்'. 'நெஞ்சுக்குள்ளே' உடனே ஒட்டியதில் ஆச்சரியம் இல்லை. சக்திஸ்ரீ கோபாலனின் குரல் முன்னால் நிற்கிறது, மெட்டு நாட்டுப்புற மெட்டுக்குப் பக்கத்தில் நடக்கிறது, அடுத்து எங்கே போகும் என்று காதுக்குத் தெரிகிறது. பட வெளியீட்டுக்கு முன்பே எம்டிவி அன்பிளக்டில் வந்து ஊரெல்லாம் பரவியும்விட்டது. 'அடியே' அப்படிப்பட்டது இல்லை. அது காஸ்பல், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வளர்ந்த பாட்டு முறை. நம் காதுக்கு அதில் இரண்டு தடங்கல். ஒன்று, சொல் தாளத்தின்மேல் சரியாக உட்காராது. பாடகர் வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கி இழுப்பார். தமிழ்ச் சொல்லை அப்படி இழுத்துக் கேட்டுப் பழக்கமில்லாததால் "உச்சரிப்பு சரியில்லை" என்று முதலில் எரிச்சல் வரும் (அந்த எரிச்சலில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது). இரண்டாவது, சுரத்தை வளைக்கிற விதம். சித் ஸ்ரீராமுக்குத் தமிழில் அதுதான் முதல் சினிமாப் பாட்டு. அம்மாவிடம் கர்நாடக இசை, பெர்க்லீ இசைக் கல்லூரியில் மேற்கத்திய இசை என்று இரண்டும் கற்றவர். அவர் வளைக்கும்போது கமகம் (கர்நாடக இசையில் சுரத்தை அசைத்து வளைப்பது) மாதிரியே தொடங்கும், கமகம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாது, வேறெங்கோ போய் இறங்கும். பாட்டு கேட்கும்போது நாம் உள்ளுக்குள் அடுத்த சுரத்தை ஊகித்துக்கொண்டே இருக்கிறோம். ஊகம் சரியாக இருந்தால் நிம்மதி, கொஞ்சம் தள்ளிப்போனால் சிலிர்ப்பு, மொத்தமாகத் தப்பிக்கொண்டே இருந்தால் சலிப்பு. உங்களுக்கு 'அடியே' இப்போது மூன்றாவது நிலையில் இருக்கிறது. இரண்டாவதற்கு வர ஒரு பத்துத் தடவை ஆகலாம்.

அதற்கும் படத்துக்குள்ளே காரணம் உண்டு. கடலோரக் கிறிஸ்தவ மீனவர் கிராமம், பாதிரியார் வளர்க்கிற பையன். அவன் காதலிக்கும்போது தேவாலயப் பாட்டின் சாயலில் பாடுகிறான். ஹரிசரண் பாடிய 'அன்பின் வாசலே'யை முதலில் கேட்டுவிட்டு உடனே 'அடியே' போட்டுப் பாருங்கள். கடவுளை அழைக்கிற குரலும் பெண்ணை அழைக்கிற குரலும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிடும். 'மூங்கில் தோட்டம்' பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அது ராத்திரியில் தானாக ஏறும். 'மகுடி' எனக்கும் ஏறவில்லை.

இந்த மாதிரி ஆல்பம் ரஹ்மானுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986-இல் வந்தது. சினிமாப் பாட்டு இல்லை, பாடகர் இல்லை, வயலின்தான் கதாநாயகன். வி.எஸ். நரசிம்மன் வாசித்தது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கை என்று அதில் இருக்கும். ரஹ்மான் ஆல்பம் மெல்ல ஏறுவதற்கும் இது மெல்ல ஏறுவதற்கும் நிறைய வித்தியாசம். அங்கே அடுக்கடுக்காக மூடி வைத்திருப்பார், பொறுமை போதும். இங்கே எதுவும் மூடியில்லை. எல்லாம் வெளிச்சத்தில்தான் இருக்கிறது, நமக்குத்தான் பார்க்கத் தெரிவதில்லை.

உதாரணத்துக்கு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. முதல் தடவை கேட்டபோது இரண்டு ரேடியோ ஸ்டேஷன் ஒன்றாகச் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஒரு வயலின் மூச்சுவிடாமல் குடுகுடுவென்று ஓடுகிறது, இன்னொன்று அதன்மேல் கமகத்தோடு நிதானமாக ஆலாபனை செய்கிறது. ஓடுவது பாக் எழுதியது. தனி வயலினுக்கான மூன்றாவது பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் சேர்ந்த இசைத் தொகுப்பு) முதல் பகுதி, ஈ மேஜர் என்ற சுரவரிசையில். அதைத் தனியாக ஒரு வாரம் கேளுங்கள். நான்கு நிமிடச் சமாச்சாரம்தான். அது நன்றாகப் பழகிய பிறகு ராஜாவின் பாட்டுக்கு வாருங்கள். ஓடுகிற வயலின் பின்னால் போய்ச் சுவர் மாதிரி நின்றுவிடும், அதன்மேல் நம்மூர் வயலின் எங்கெங்கே சாய்ந்து நிற்கிறது, எங்கே விலகிப் போகிறது என்பது காதில் விழும். வீட்டுக்கு வந்த விருந்தாளி பேசிக்கொண்டே இருக்க, வீட்டுக்காரர் நடுநடுவே ஒரு வார்த்தை சொல்வது மாதிரி.

அதே ஆல்பத்தில் ஃப்யூக் என்ற வடிவமும் உண்டு. ஒரு குரல் ஒரு மெட்டை எடுக்கும். அது முடித்து அடுத்ததற்குப் போகும்போது இன்னொரு குரல் அதே மெட்டை வேறு சுருதியில் எடுக்கும், பிறகு இன்னொன்று. பஜனையில் ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் எடுத்துவிடுகிற அவசரம் மாதிரி, ஆனால் அத்தனையும் கணக்கோடு. நாம் ஒற்றை மெட்டைப் பின்தொடர்ந்தே வளர்ந்தவர்கள். அதிலும் ஒரு மெட்டை மட்டும் பிடிக்கப் பார்த்தால் கைநழுவிப்போகும். இரண்டாவதாக வருகிற குரலை மட்டும் ஒரு தடவை, அடியில் போகிற குரலை மட்டும் ஒரு தடவை என்று கேட்டால் பிடிபடும்.

பலர் இந்த ஆல்பத்துக்குள் நுழைந்தது வேறு வாசல் வழியாக. பாலு மகேந்திரா 1988-இல் எடுத்த 'வீடு' படத்தில் பாட்டே கிடையாது. பின்னணிக்கு இந்த ஆல்பத்தின் இசையைத்தான் வைத்திருந்தார். கட்டி முடியாத வீட்டைப் பார்த்துக்கொண்டு மனிதர்கள் நிற்கும்போது அந்த வயலினைக் கேட்டவர்களுக்கு, கேசட்டில் தனியாகக் கேட்டபோது புரியாத ஏதோ ஒன்று பிடிபட்டிருக்கிறது. எனக்கும் அப்படித்தான். கேசட் கையில் இருந்தும் நாலு வருடம் சும்மா கிடந்தது. படத்தைத் தூர்தர்ஷனில் பார்த்த இரவில்தான் அதைத் தேடி எடுத்தேன்.

கச்சேரிக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரே கீர்த்தனையை நாற்பது வருடமாகக் கேட்பவர்கள் அவர்கள். ஒரு வரியையே சங்கதி சங்கதியாக மாற்றிப் பாடும்போது முதல் சங்கதி தெரிந்தவனுக்குத்தான் எட்டாவது சங்கதியில் தலை ஆடும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் நடைமுறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன். நாலு முறை கேட்டதாகச் சொன்னீர்கள், ஒரே நாளிலா? அப்படியென்றால் அது ஒரு முறைதான். நடுவில் தூங்கி எழவேண்டும், வேறு பாட்டு கேட்கவேண்டும். ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பாத்திரம் கழுவும்போதோ சிக்னலில் நிற்கும்போதோ அதிலிருந்து ஏதாவது ஒரு துண்டு, ஒரு பேஸ் கிட்டார் ஓட்டம், ஒரு ஹம்மிங், தானாக வாயில் வந்தால் திரும்பிப் போங்கள். எதுவுமே வராவிட்டால் விட்டுவிடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். இன்னொன்று, போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ரஹ்மான் பாட்டில் பாதி வேலை அடியிலும் ஓரத்திலும் நடக்கிறது, போன் ஸ்பீக்கருக்கு அடியும் கிடையாது, ஓரமும் கிடையாது. சுமாரான ஹெட்போன் போதும்.

எல்லாமே ஏறிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2002-இல் வாங்கிய 'பாபா' கேசட் என்னிடம் இன்னும் இருக்கிறது. அது பிறகு எம்பி3 ஆகி, இப்போது போனிலும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஸ்லோ பாய்சன் என்று அன்றைக்கு என்னிடம் அடித்துச் சொன்ன நண்பன்கூட இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.